மேற்கோளும் குறுக்கமும்: நம் இறையியல் எழுத்துகளைக் குறித்து ஒரு மதிப்பீடு

தமிழில் எழுதப்படும் இறையியல் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் கருத்தூன்றிப் படிப்போர், அவற்றின் கருத்து வளத்திற்கும் அடிக்குறிப்புகளின் நிலைக்கும் இடையே உள்ள தொலைவைக் காணாதிருக்க இயலாது. சிந்தனையில் செலுத்தப்பட்ட உழைப்பு, சான்று காட்டுவதில் பெரும்பாலும் செலுத்தப்படவில்லை. இது அச்சு நடையைச் சார்ந்த சிறு குறையே என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. இது நம் சாட்சியின் மெய்ம்மையையே தொடுகிறது.

முதலாவதாக, திருமறை நூல்களின் பெயர்க் குறுக்கங்களைக் காண்போம். 'யோ. 2:8' என்று ஒருவர் எழுதுகிறார். யோவான், யோசுவா, யோபு, யோவேல், யோனா ஆகிய ஐந்து நூல்களிலும் இரண்டாம் அதிகாரமும் உண்டு; அதில் எட்டாம் வசனமும் உண்டு. வாசகர் எதனைத் திறப்பார்? 'எபே.' எபேசியரையும் 'எபி.' எபிரெயரையும், 'பிலி.' பிலிப்பியரையும் 'பிலே.' பிலேமோனையும் குறிக்கும். ஓர் உயிர்க்குறி பிறழ்ந்தால் நிருபமே மாறிவிடும். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நியாயாதிபதிகள் 'நீதித் தலைவர்கள்' ஆனமையால், 'நீதி.' என்னும் குறுக்கமும் நீதிமொழிகளுக்கு மட்டும் உரியதன்று.

வசன எண்களிலும் இத்தகைய இடர் உண்டு. எபிரெய மூலத்தில் சங்கீதத் தலைப்புகளும் வசனங்களாக எண்ணப்படுவதால், நம் வேதாகமத்தில் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் அங்கே மூன்றாவதாகும். யோவேல் 2:28 அங்கே 3:1 ஆகும். விளக்கவுரை நூல்களிலிருந்து எண்களை அப்படியே பெயர்த்தெழுதுவோர், தாம் சொல்லாத வசனத்தைச் சான்றாகக் காட்டிவிடுகின்றனர்.

குறுக்கம் எத்துணை முக்கியமானது என்பதற்கு 1 தீமோத்தேயு 3:16 சிறந்த எடுத்துக்காட்டாகும். பண்டைய கிரேக்கப் படியெழுத்தாளர் 'தேவன்' என்னும் சொல்லை இரண்டே எழுத்துகளாகக் குறுக்கி, மேலே ஒரு கோடிடுவர். அக்குறுக்கத்திலிருந்து மேற்கோட்டையும் முதலெழுத்தின் நடுக்கோட்டையும் நீக்கினால், 'அவர்' என்று பொருள்படும் வேறொரு சொல் எஞ்சும். நான்காம் நூற்றாண்டின் சீனாய்ப் படியில் முதற்கை எழுதியது இப்பிந்தைய சொல்லே. 'தேவன்' என்பது பிற்கால மாற்றம். நம் பழைய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்னும் பாடத்தைப் பின்பற்றுகிறது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பின்பற்றவில்லை. ஆகவே, எந்த மொழிபெயர்ப்பு என்று குறிப்பிடாமல் இவ்வசனத்தைக் கிறிஸ்துவின் தெய்வத்துவத்திற்குச் சான்றாக வைக்கும் மாணவர், தம் வாதத்தின் அடிப்படையை வாசகரிடமிருந்து மறைத்தவராகிறார். அக்கோட்பாடு இவ்வொரு வசனத்தைச் சார்ந்து நிற்பதன்று என்பது உண்மையே. எனினும் நற்கோட்பாட்டுக்குத் தளர்ந்த சான்று துணையாகாது.

இரண்டாவதாக, அடிக்குறிப்புகள். 'மேலது' என்பது உடனடியாக முன்சென்ற குறிப்பை மட்டுமே சுட்டும். இடையில் மற்றொரு குறிப்பைச் சேர்த்தபின் இதனைத் திருத்தாமல் விடுவதால், ஒருவர் கூற்று மற்றொருவர் தலையில் ஏறுகிறது. ஒரே ஆசிரியரின் இரு நூல்களைக் கையாளும்போது 'மு.கு.நூ.' என்று எழுதுவது வாசகரைக் கைவிடுவதாகும். ஆசிரியர் பெயரையும் நூலின் சுருங்கிய தலைப்பையும் எழுதுவதே தெளிவு. அகுஸ்தீனின் 'அறிக்கைகள்' 13 பகுதிகளையும், கால்வினின் 'நிறுவனங்கள்' தன் 1559ஆம் ஆண்டுப் பதிப்பில் 4 பகுதிகளையும் உடையன. இவற்றைப் பக்க எண்ணோடு மட்டும் காட்டாது, பகுதி, அதிகார எண்களோடு காட்டினால், எப்பதிப்பை வைத்திருப்பவரும் அவ்விடத்தைக் கண்டடைவார்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. லூத்தரின் கூற்றை ஓர் ஆங்கிலப் பாடநூலில் படித்துவிட்டு, 1883இல் தொடங்கிய வைமர் பதிப்பின் தொகுதியையும் பக்கத்தையும் அடிக்குறிப்பாக எழுதுவது, காணாததைக் கண்டதாகச் சொல்லுதலே. பாடநூலின் வழியாகப் பெற்றோம் என்று எழுதுவதில் இழுக்கு எதுவும் இல்லை.

எபிரெயர் நிருபத்தின் ஆசிரியர் எட்டாம் சங்கீதத்தை நூற்பெயரோ எண்ணோ சுட்டாமல் எடுத்தாளுகிறாரே என்று சிலர் வினவலாம். அவர் காலத்தில் வசன எண்கள் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இன்றைய வசன எண்களை ஸ்தேபானு என்னும் அச்சாளர் அமைத்தது 1551இலேயே. மேலும், அச்சங்கீதத்தை அறிந்த சபைக்கே அவர் எழுதினார். நாமோ, நாம் படித்த நூலைக் கண்டிராத வாசகருக்கு எழுதுகிறோம். சிற்றூர்ச் சபையில் பணியாற்றும் ஆயருக்கு அருகில் பெரிய நூலகம் இல்லை. நம் அடிக்குறிப்பை நம்பியே அவர் அருளுரை ஆயத்தம் செய்கிறார்.

ஆகவே ஆய்வேட்டின் முதற்பக்கங்களிலேயே குறுக்க அட்டவணை இடம்பெற வேண்டும். கையாளும் மொழிபெயர்ப்பும் ஆண்டும் அங்கே சொல்லப்பட வேண்டும். ஒவ்வொரு மேற்கோளும் ஒப்படைக்கப்படுமுன் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடப்பட வேண்டும். பிறர் உழைப்பைப் பிறருடையதென்று அறிக்கையிடுதலும், பிறனுக்கு விரோதமாய்ப் பொய்ச்சான்று சொல்லாதிருத்தலும் கற்பலகையில் மட்டுமல்ல, அடிக்குறிப்பிலும் கைக்கொள்ளத்தக்க கட்டளைகளே.