கட்டுக்கம்பியும் கிளிக் கனெக்டரும்

வேலூர் பாகாயத்தின் மருத்துவக் கல்லூரி வளாகம் ஆகட்டும், ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஆகட்டும், ஜன்னல் கழுவும் வேலை குழாயடியில்தான் தொடங்குகிறது. குழாயின் நிப்பிளில் ஹோஸைச் சொருகி, கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றிக் குறடால் முறுக்குவார்கள். கம்பி கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் ட்யூபைப் பட்டையாக அறுத்து இறுக்கிக் கட்டுவார்கள். நம் ஊரில் பரவலாக இருக்கும் இந்த வழக்கத்தை அரைகுறை வேலை என்று ஒதுக்குவது சுலபம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் கனெக்டரை வாங்கி மாட்டிவிட்டால் கசிவு தீர்ந்தது என்று நினைப்பதும் சுலபம். என் பார்வையில் இரண்டுமே தவறு. கம்பிக்கட்டு ஓர் இடத்தில் சரியான தீர்வு, பல இடங்களில் தவறான தீர்வு. கனெக்டரோ வாஷரை மாற்றாதவர் கையில் கம்பிக்கட்டைவிட மோசமாக ஒழுகும்.

இந்த வட்டாரத்தில் இதைப் பேசுவதற்குக் காரணம் தண்ணீர். தோல் பதனிட வரும் பச்சைத்தோல் உப்பிட்டு வருகிறது. அதை ஊறவைத்த நீரோடு அந்த உப்பும் பல பத்தாண்டுகளாகப் பாலாற்றுப் படுகைக்குள் இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஆனால் மண்ணுக்குள் போன உப்பைத் தீர்ப்பு வெளியே எடுத்துவிடாது. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கண்ணாடிக்கு இந்தக் கணக்கு உதவாது. துடைக்காமல் உலரவிட்டால் தடம் விழாத தண்ணீரில் உப்பு பத்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நீண்ட கம்பத்தில் பிரஷ் பொருத்தி உயர்ந்த ஜன்னல்களைக் கழுவுகிறவர்களின் அனுபவ விதி. அதனால் அவர்கள் ஆர்ஓ நீரைப் பயன்படுத்துகிறார்கள். உப்பு மிகுந்த நிலத்தடி நீரிலிருந்து அப்படி ஒரு லிட்டர் எடுக்க, சிறிய இயந்திரம் இன்னொரு லிட்டரையோ அதற்கு மேலோ கழிவாகத் தள்ளுகிறது. ஆகவே இணைப்பில் ஒழுகும் ஒரு லிட்டர், நிலத்திலிருந்து எடுத்த இரண்டு லிட்டருக்குக் குறையாது.

கம்பிக்கட்டின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மொட்டைமாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழ்க்குழாயில் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். அரை அங்குல ஹோஸின் வாயில் அந்த அழுத்தம் ஹோஸைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஒன்றேகால் கிலோ எடைக்குச் சமம், அவ்வளவுதான். நன்றாக முறுக்கிய கம்பி இதை வருடக்கணக்கில் தாங்கும். அளவு சரியாகப் பொருந்தாத ஹோஸையும் நிப்பிளையும் ஒன்றாக்கும் வல்லமையும் கம்பிக்கு உண்டு, எந்தக் கனெக்டருக்கும் அது இல்லை. அதிலும் கம்பியை ஒரு சுற்றோடு விடாமல் இரண்டு சுற்று பக்கத்தில் பக்கத்தில் படியவைத்து இழுத்து முறுக்கினால், மலிவான திருகு கிளிப்பைவிடச் சீரான பிடி கிடைக்கிறது. சின்ன அளவுத் திருகு கிளிப்பை இறுக்கும்போது அதன் திருகுப்பெட்டிக்கு அடியில் பட்டை வட்டமாகப் படியாமல் சிறு இடைவெளி விடும், கசிவு அங்கேதான் தொடங்கும். ஆகவே கம்பி பழசு, கிளிப் புதுசு என்ற தரவரிசைக்கு ஆதாரம் இல்லை.

அழுத்தம் கூடும்போதும் ஹோஸ் நகரும்போதும்தான் கணக்கு மாறுகிறது. பம்ப் வைத்து நான்கு கிலோ அழுத்தத்தில் முக்கால் அங்குல ஹோஸை ஓட்டினால், வாயில் தள்ளும் விசை பதினொரு கிலோவைத் தொடும். ஹோஸ் முனையில் இருக்கும் தெளிப்புத் துப்பாக்கியின் விசையைச் சட்டென்று விட்டால், ஓடிக்கொண்டிருந்த நீர் முட்டி அழுத்தம் ஒரு கணம் இன்னும் ஏறும். இதோடு, மேலே தூக்கிய ஹோஸின் எடையும் உள்ளிருக்கும் நீரின் எடையும் இணைப்பிலேயே தொங்கும். வேலூரின் மே மாத வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டிய தரையில் கிடக்கும் பிவிசி ஹோஸ் இளகி, கம்பிக்கு அடியிலிருந்து மெல்லப் பிதுங்கிவிடும். காலையில் இறுக்கமாக இருந்த கட்டு மாலையில் தளர்வதற்கு அதுதான் காரணம். இன்னும் முறுக்கினால் கம்பி ஹோஸை அறுக்கும். அறுந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும் ஹோஸ் ஒரு சாண் குறையும். வேலை முடிந்ததும் கழற்ற முடியாது என்பதால் ஹோஸ் வெயிலிலேயே கிடந்து நைந்துபோகும். இந்தக் கடைசிக் குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கழற்றி மாட்டும் தேவைக்காக வந்ததுதான் கிளிக் கனெக்டர். ஜெர்மனியின் கார்டெனா நிறுவனம் 1968-இல் சந்தைக்குக் கொண்டுவந்த வடிவத்தின் சாயல்களே இன்று நம் ஹார்ட்வேர் கடைகளில் தொங்குகின்றன. இதில் கசிவைத் தடுப்பது பிளாஸ்டிக் உடல் அல்ல, உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வாங்கும்போது நிறத்தையும் விலையையும் பார்க்கிற அளவுக்கு அந்த வளையத்தைப் பார்ப்பதில்லை. புரியையும் பார்ப்பதில்லை. நம் குழாய்களின் முக்கால் அங்குலப் புரி அங்குலத்துக்கு 14 வரி, அமெரிக்கத் தோட்டக் குழாய்ப் புரி பதினொன்றரை வரி. இணையத்தில் வாங்கிய இரண்டாவது வகை நம் குழாயில் இரண்டு சுற்று ஏறிப் பிடித்துக்கொள்ளும், பொருந்திவிட்டது போலத் தோன்றும், ஆனால் வாஷர் வரை போகாது. அதன் மேல் டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் பயனில்லை. டேப் கூம்புப் புரிக்கு உரியது. நேர்ப் புரியில் நீரை நிறுத்துவது தட்டையான வாஷர்தான்.

பித்தளைதான் உறுதி என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். மிதிபட்டாலும் உடையாது, புரி தேயாது என்பதால் குழாயடிக்குப் பித்தளையே பொருத்தம். ஆனால் குளோரைடு மிகுந்த நீரும், ஆர்ஓவிலிருந்து வரும் சற்றே அமிலத்தன்மை கொண்ட வெறும் நீரும் பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்தெடுக்கும். மிஞ்சுவது செந்நிறமான, புரையோடிய, எளிதில் நொறுங்கும் செம்பு. ஆகவே சுத்திகரித்த நீர் போகும் பாதையில் நல்ல தரப் பிளாஸ்டிக்கோ துருப்பிடிக்காத எஃகோ வைப்பது சரி. எந்தப் பொருளில் செய்த இணைப்பானாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. பம்பின் உறிஞ்சு பக்க இணைப்பு தளர்ந்தால் நீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருக்கும், பம்ப் மட்டும் திணறும். பலர் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள், கோளாறு ஒரு வாஷரில் இருக்கும்.

பராமரிப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதைத் தவறாமல் செய்ய வேண்டும். ஹோஸின் நுனியை நேராக வெட்டி, வெந்நீரில் நனைத்து இளக்கி, சோப்பு நீர் தடவிச் சொருக வேண்டும். கிளிப் நிப்பிளின் கடைசி வரியைத் தாண்டி உட்புறம் உட்கார வேண்டும், நுனியில் அல்ல. ஓ-ரிங்குக்குச் சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே பாதுகாப்பு. வண்டிக் கிரீஸும் தேங்காயெண்ணெயும் சிலவகை ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கழற்றும் முன் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், கழற்றிய வாயை மண்ணில் போடக் கூடாது, ஒரு மணல் துகள் வளையத்தில் கீறல் போட்டுவிடும். நம் தண்ணீர் ஒரு வகையில் உதவுகிறது: எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளை உப்பு படிந்து காட்டிக்கொடுக்கும். அதை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கரைக்கலாம், சுரண்டினால் வளையம் உட்காரும் பரப்பு கெடும்.

சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்குச் சுமார் நான்கு லிட்டர்தான். ஆனால் அந்த நான்கு லிட்டர் ஏணியின் காலடியிலும் பிளக் செருகிய நீட்டிப்பு வயருக்கு அருகிலும் விழுகிறது. வழுக்குவதும் மின்சாரம் தாக்குவதும் லிட்டர் கணக்கில் வராதவை. நல்ல கனெக்டருக்கு ஏழைத் தொழிலாளி எங்கே போவார் என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கு என் பதில், செலவு அவருடையதே அல்ல என்பது. கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் துப்புரவு ஒப்பந்தம் எடுத்தவரும் சோப்புத்தூளுக்கும் துடைப்பத்துக்கும் மாதச் செலவு எழுதுகிறார்கள், வாஷருக்கு எழுதுவதில்லை. அதனால்தான் தொழிலாளி கையில் கிடைத்த கம்பியை முறுக்குகிறார். அவருடைய திறமை அந்தக் குறையை மூடிக்கொண்டிருக்கிறது.

தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீருக்கு, நகராத குழாயடியில், இரட்டைச் சுற்றுக் கம்பி இருக்கட்டும். பம்ப் ஓடும் இடத்திலும் ஹோஸ் இழுபடும் இடத்திலும் ஒரே அளவு, ஒரே வகைக் கனெக்டர் வளாகம் முழுக்க இருக்க வேண்டும். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் மருத்துவமனை, விடுதி, தொழிற்சாலை நடத்துகிறவர்கள் அடுத்த துப்புரவு ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: வாஷர், ஓ-ரிங், கிளிப் மூன்றும் கைவசம் இருப்பு வைத்து, கோடை தொடங்கும் முன் எல்லா இணைப்பிலும் மாற்றித் தரப்படும்.