கவனக் குறைபாடும் கட்டுப்பாட்டுக் கோபுரமும்

அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்குப் புதிதாக மனுச் செய்பவர் 31 வயதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும். 56 வயதில் கட்டாய ஓய்வு. இடையில் நுழைவுத் தேர்வு, ஓக்லஹோமா நகரிலுள்ள பயிற்சிக் கழகம், பின்னர் கோபுரத்திலோ ரேடார் அறையிலோ மூத்தவர் ஒருவர் அருகிருக்க நெடுநாள் பயிற்சி. மருத்துவத் தகுதியும் வேண்டும். கண், காது, இருதயம் எல்லாம் செவ்வனே இருந்தும், பள்ளிப் பருவத்தில் 'ரிட்டலின்' மாத்திரை சாப்பிட்டதாக மருத்துவக் குறிப்பில் ஒரு வரி இருந்துவிட்டால் மனு அங்கேயே தேங்கி நிற்கிறது. இந்த விதி விஞ்ஞானத்துக்கு எவ்வளவு தூரம் இசைந்தது என்பதைச் சற்று ஆராய்வோம்.

'கவனக் குறைபாடு மற்றும் மிகை இயக்கக் கோளாறு' என்பது நோயின் முழுப்பெயர். அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் முதன்முறையாகக் கவனக் குறைவை முன்னிறுத்திப் பெயரிட்டது; 1987இல் மிகை இயக்கமும் பெயரில் சேர்ந்தது. ஆனால் மருந்து பெயருக்கு முந்தியது. 1937இல் ரோட் ஐலந்து மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், தலைவலி தீருமா என்று பார்க்கத் தம் மருத்துவமனைச் சிறுவர்களுக்குப் 'பென்ஸிடிரின்' கொடுத்தார். தலைவலி அவ்வளவாகத் தீரவில்லை. ஆனால் பலர் பாடத்தில் திடீரென ஊன்றிப் படிக்கத் தொடங்கினர். சிறுவர்களே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தனராம்! 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிஸான் என்ற இரசாயன அறிஞர் மெதில்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்து பிறந்ததே ரிட்டலின்.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள டோபமின், நார்அட்ரீனலின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. சுரந்ததை அணு மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை ரிட்டலின் தடுக்கிறது. ஆகவே செய்தி சற்று அதிக நேரம் நிலைக்கிறது. சாதாரண மாத்திரையின் வேகம் சுமார் நான்கு மணி நேரத்தில் தணிந்துவிடும்.

அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொல்லும் காரணம் இரண்டு: கோளாறே அறிவுத் திறனைக் குறைக்கலாம், அதற்கான மருந்தும் குறைக்கலாம். முதற்காரணத்தில் நியாயம் உண்டு. ரேடார் திரையில் பத்துப் பதினைந்து விமானங்களை ஒருசேர நினைவில் வைத்திருப்பவருக்கு ஒரு நிமிட மறதியும் ஆபத்தே. மருந்தின் வேகம் பணிநேரத்தின் நடுவே தணிந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் வீண்கேள்வி அன்று. இரண்டாவது காரணம்தான் இடறுகிறது. கவனத்தைக் கூட்டவே தரப்படும் மருந்து எந்த அளவில், எத்தகையோருக்கு, எந்த வேலையில் அதைக் குறைக்கிறது என்று பிரித்துக் காட்டாமல் ஒட்டுமொத்தமாகக் கதவடைப்பது விஞ்ஞான முறை ஆகுமா?

இங்கே ஒரு பழைய பரிசோதனை நினைவுக்கு வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் பார்ப்போர் நேரம் செல்லச் செல்ல எதிரியின் அறிகுறிகளைத் தவறவிட்டனர். காரணம் அறிய முற்பட்டவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நார்மன் மாக்வொர்த். எண்களற்ற கடிகாரம் ஒன்று. முள் வினாடிக்கு ஒரு தாவலாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை! முதல் அரைமணி கழிந்ததுமே, நல்ல ஆரோக்கியமுள்ள இளைஞர்களும் இரட்டைத் தாவல்களை அதிகமாகத் தவறவிட்டனர். முடிவுகள் 1948இல் வெளிவந்தன. பென்ஸிடிரின் உட்கொண்டவர்களிடம் மட்டும் இந்தச் சரிவு ஏற்படவில்லை என்பதையும் அவர் கண்டார்.

இதைக் கொண்டு 'மாத்திரை நல்லது' என்று முடிவு கட்டிவிடலாகாது. அது நோயற்றவர்களிடம், ஒரு வேளை மருந்தோடு, இரண்டு மணி நேரம் நடந்த சோதனை. ஆண்டுக்கணக்கில் மருந்துண்டு இரவுப்பணி பார்ப்பவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது. கவனம் என்பது சிலரிடம் இருந்து சிலரிடம் இல்லாத பொருள் அன்று, எல்லாரிடமும் தேய்வது.

அதே நாட்டின் விமானப்படை, நெடுந்தூரப் போர்ப் பறப்புகளில் விமானிகளுக்கு டெக்ஸ்ட்ரோஆம்ஃபிடமின் மாத்திரையை அனுமதித்திருக்கிறது. 2002 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே அமெரிக்க விமானி தவறுதலாகக் குண்டு வீசியதில் நான்கு கனடா வீரர்கள் மாண்டனர். விமானியின் வழக்கறிஞர்கள் இந்த மாத்திரையைக் காரணம் காட்டினர். விமானப்படையோ மாத்திரையைக் குறைகூற மறுத்தது. ஒரே வகை மருந்து. போர் விமானத்தில் ஓர் நீதி, ரேடார் அறையில் ஓர் நீதி!

2023இல் நிர்வாகம் விதியைச் சற்றுத் தளர்த்தியது. கடந்த நான்கு ஆண்டுகளாக மருந்தும் நோயறிகுறியும் இல்லாதவருக்குச் சுருக்கு வழி. மற்றவர்கள் குறைந்தது 90 நாள் மருந்தை நிறுத்திவிட்டு, சிறுநீர்ச் சோதனையுடன் விரிவான நரம்பு உளவியல் சோதனைகளுக்கு உட்பட வேண்டும். இவ்வழிகள் விமானிகளுக்காக எழுதப்பட்டவை. கட்டுப்பாட்டாளரின் மருத்துவத் தேர்வும் அதே நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. இப்போது வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 27 வயதில் மருந்தை நிறுத்துபவர் நான்காண்டு காத்திருந்தால் வயது 31. வேலையின் கதவு சாத்தப்பட்டுவிட்டது. மருந்தால் தேறிப் பட்டம் பெற்றவர் அதை விட்டால்தான் சோதனைக்கே வரலாம். மருத்துவரிடமே போகாமல் கவனக் குறைபாட்டுடன் வளர்ந்தவருக்கோ குறிப்பேட்டில் ஒன்றுமில்லை, தடையுமில்லை. சிகிச்சை நாடியவருக்குத் தண்டனை, நாடாதவருக்குச் சலுகை என்றல்லவா ஆகிறது? இளைஞர்கள் உண்மையை மறைக்கத் தூண்டப்படுவதும் இதனால்தான். மருத்துவப் படிவத்தில் பொய் எழுதினால் ஐந்தாண்டு வரை சிறை என்று படிவமே எச்சரித்தும் மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படி ஊகத்தால் சொல்லவில்லை. மனச்சோர்வு மருந்துகள் விஷயத்தில் இது கண்கூடாக நடந்தது. நெடுங்காலம் அவை விமானிகளுக்கு முற்றிலும் விலக்கு. 2010இல் ஃபுளுவாக்ஸிடின் முதலிய நான்கு மருந்துகளைக் கண்காணிப்போடு அனுமதித்தபோது, அதுவரை மறைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வெளிப்படுத்தினால் நடவடிக்கை இல்லை என்றும் நிர்வாகம் அறிவித்தது. மறைத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

2011 மார்ச்சில் வாஷிங்டன் ரீகன் விமான நிலையக் கோபுரத்தில் நள்ளிரவில் தனியே பணியிலிருந்தவர் உறங்கிவிட்டார். இரண்டு பயணி விமானங்கள் கோபுரத்தின் பதிலின்றியே தரையிறங்கின. தொடர்ந்து நான்காவது இரவுப் பணி அது! அதன்பின் பணிகளுக்கு இடையிலான ஓய்வு 8 மணியிலிருந்து 9 மணியாயிற்று. 10 மணியாக்கும் அறிவிப்பு வர 2024 ஆயிற்று. பழைய மாத்திரைக்கு நான்காண்டு விலக்கு. உறக்கமின்மைக்கு ஒருமணி நேரத் திருத்தம்!

2024 ஏப்ரலில், நிர்வாகம் அமைத்த குழுவொன்று விமானிகள், கட்டுப்பாட்டாளர்கள் ஆகியோரின் மனநலம் குறித்து 24 பரிந்துரைகள் அளித்தது. நோயை வெளியே சொல்லத் தயங்கவைக்கும் தடைகளை நீக்குவதே அவற்றின் சாரம். ஓக்லஹோமாவில் பொய்விமானங்கள் பறக்கும் பயிற்சி ரேடார் அறைகள் ஆண்டு முழுதும் இயங்குகின்றன. மருந்துண்பவர், விட்டவர், என்றுமே உண்ணாதவர் ஆகிய மூவகையினரையும் அத்திரைகளின் முன் மணிக்கணக்கில் அமர்த்தி, யார் எப்போது எதைத் தவறவிடுகிறார் என்று எண்ணிப் பார்ப்பது மாக்வொர்த்தின் கடிகாரத்தைவிடக் கடினமான காரியம் அன்று.