கதை சுமத்திய பழி

ஒரு கதை சுவையாக இருக்கிறதா என்பது திறனாய்வாளனின் முதற் கேள்வி. படிப்பவர் நெஞ்சில் அது எதை விட்டுச் செல்கிறது என்பது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வியில் எளிதாகத் தேறி, இரண்டாவதில் தடுமாறும் படைப்புகள் உண்டு. பீட்டர் பெஞ்ச்லி 1974-இல் எழுதிய ‘ஜாஸ்’ என்னும் ஆங்கில நாவலும், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அடுத்த ஆண்டே அதைக் கொண்டு எடுத்த திரைப்படமும் அவ்வகையைச் சேர்ந்தவை என்பது நம் கருத்து. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் கடலில் இறங்குவோர் உள்ளத்தில் நீந்தும் சுறா பெரும்பாலும் இக்கதை வளர்த்த சுறாதான்.

கதையின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவோம். அமிட்டி என்னும் கற்பனைக் கடலோர ஊரில் ஒரு பெண்ணைச் சுறா கொன்றுவிடுகிறது. கடற்கரையை மூட வேண்டும் என்கிறார் காவல் தலைவர் பிராடி. கோடைக்கால வியாபாரம் கெட்டுவிடும் என்று தடுக்கிறார் ஊர்த் தலைவர். படத்தில், பிணத்தை ஆய்ந்த மருத்துவரே படகு விபத்து என்று அறிக்கையை மாற்றிக் கொள்கிறார். அதன் விலையாக ஒரு சிறுவனின் உயிர் போகிறது. மகனை இழந்த தாய் எல்லோர் முன்னும் பிராடியின் கன்னத்தில் அறையும் இடம், படத்திலேயே உயர்ந்த இடம் என்போம். ஆபத்தை அறிந்தும் ஆதாயத்திற்காக அதை மறைப்போர் எந்த ஊரிலும் உண்டு. அவர்களைப் படைப்பாளிகள் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

ஊரார் நம்ப மறுப்பதும் வெறுங்கற்பனை அன்று. மிதமான குளிருள்ள கடல்களில் சுறா மனிதனைக் கடிக்காது என்று அமெரிக்காவில் ஒரு காலத்தில் படித்தவர்களே உறுதியாகச் சொன்னார்கள். கடித்ததை மெய்ப்பிப்போருக்கு 500 டாலர் பரிசு என 1891-இல் ஒரு செல்வர் அறிவித்தார். 1916 ஜூலையில் நியூ ஜெர்சிக் கரையோரத்தில் பன்னிரண்டு நாட்களுக்குள் நால்வர் மாண்டனர், ஒருவர் காயமடைந்தார். மாட்டவான் என்னும் சிற்றூரின் ஓடையில் சுறா வருவதைக் கண்ட முதிய கப்பல் தலைவர் ஒருவர் எச்சரித்தும், ஊரார் அதைப் பொருட்படுத்தவில்லை. அதே ஓடையில் அன்றே இரண்டு உயிர்கள் பறிபோயின. அச்சமே இல்லாதிருப்பதும் உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கதை பிழைபடுவது மீனிடத்தில். படத்தில் வரும் வெண்சுறா 25 அடி நீளம். உண்மையில் அவ்வினம் 20 அடியைத் தாண்டுவது மிக அரிது. அளவை மிகைப்படுத்துவது கதைஞனின் உரிமை என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு தனிச் சுறா ஒரு கரையைத் தேர்ந்துகொண்டு, மனித இறைச்சிக்குப் பழகி, பகைவனைப் போல் படகைத் துரத்துகிறது என்பதை அவ்வாறு விட முடியாது. ‘கெட்டுப்போன ஒற்றைச் சுறா’ என்னும் கருத்தைப் பரப்பியவர் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் விக்டர் கோப்பிள்சன். பிற்கால ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுறா இனங்களுள் மனிதரைக் கொன்றதாகப் பெரிதும் பதிவானவை வெண்சுறா, புலிச்சுறா, காளைச்சுறா ஆகிய மூன்றே. வெண்சுறா பெரும்பாலும் ஒரு முறை கடித்துவிட்டு விலகிவிடும். கடியுண்டவர் இறப்பது மிகுதியும் குருதிப் பெருக்கால்.

படத்தில் குவின்ட் என்னும் மீனவர் ‘இண்டியானாபோலிஸ்’ போர்க்கப்பலின் கதையைச் சொல்கிறார். நடிப்பும் உரையும் நம்மைக் கட்டிப்போடுகின்றன. செய்தி மட்டும் பிறழ்கிறது. கப்பல் மூழ்கியது 1945 ஜூலை 30. அவர் சொல்வதோ ஜூன் மாதம். பிழைத்த 316 பேர் போக மற்றவர்களைச் சுறாக்கள் கொண்டுபோயின என்கிறார். உண்மையில் முந்நூறு பேர் அளவில் கப்பலோடு மூழ்கினர். நீரில் தத்தளித்தவர்களுள் பலர் வெயிலாலும் தாகத்தாலும் காயங்களாலும் மாண்டனர். சுறாக்கள் சிலரைக் கொன்றது மெய். எல்லா மரணத்தையும் ஒரே மீனின் கணக்கில் எழுதியது கதை.

இப்பிழை ஏட்டோடு நிற்கவில்லை. உயிரிழப்புகளை அடுத்து 2014-இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு தூண்டில் மிதவைகளைக் கட்டிப் பெருஞ்சுறாக்களைக் கொன்றது. அகப்பட்டவை பெரும்பாலும் புலிச்சுறாக்கள். எதற்கு அஞ்சி அத்திட்டம் வந்ததோ அந்த வெண்சுறா ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆண்டொன்றுக்கு மனிதர் கொல்லும் சுறாக்கள் சுமார் 10 கோடி என 2013-இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மனிதர் சீண்டாமலே சுறா கடித்ததாக 2024-இல் உலகெங்கும் உறுதியானவை 47 நிகழ்ச்சிகள். அவற்றுள் உயிர் பறித்தவை நான்கு. சுறாக்கள் அழிவதற்குப் பெருங்காரணம் மீன்பிடித் தொழிலே. எனினும் அவற்றுக்காக இரங்குவாரை இக்கதை குறைத்துவிட்டது. பெஞ்ச்லி பிற்காலத்தில் கடலைக் காக்கும் பணியில் இறங்கி, இன்றைய அறிவோடு அந்நாவலை எழுதியிருக்க மாட்டேன் என்றார். ஸ்பீல்பெர்க்கும் 2022-இல் தம் வருத்தத்தைத் தெரிவித்தார்.

கடலோடு வாழ்ந்தவர்களின் அச்சம் வேறு வகையினது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களில் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் காற்கருவியின்றி, காற்றுக்குழாயின்றி, கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கினார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரிப்பவர் ஒருவர் இருந்தார். அவருக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். அத்தகையோருக்கு இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதை மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மக்கள் சுறாவுக்கு அஞ்சினார்கள், அஞ்சிக்கொண்டே நாள்தோறும் குளித்தார்கள், அதைப் பகைவனாக்கிக் கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குச் சுறா கடலின் பல இடர்களுள் ஒன்று.

நம் பிள்ளைகள் இப்படத்தைப் பார்ப்பதை நாம் தடுக்கப் போவதில்லை, தடுக்கவும் வேண்டாம். பார்த்தபின் அவர்களோடு பேச வேண்டும். கலங்கிய நீரிலும் ஆற்று முகத்திலும் குளிக்காதே, மீன் கூட்டம் துள்ளும் இடத்திலிருந்து விலகு, அந்தி மயங்குமுன் கரையேறு, தனியே நீந்தாதே, எச்சரிக்கைக் கொடியை மதி என்று சொல்ல வேண்டும். காயம் பட்டவருக்கு உடனே குருதியை அடக்குவதே முதல் உதவி என்றும் கற்பிக்க வேண்டும். இவற்றுள் எச்சரிக்கையை மதிக்கும் ஒன்றை மட்டுமே ‘ஜாஸ்’ அழுத்தமாகக் கற்றுத் தருகிறது. அதற்காக அதைப் பாராட்டுகிறோம். மீனைப் பற்றி அது சொன்னதை மட்டும் கதை என்று தள்ளிவிட்டு, கடலை அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.