அவையடக்கமோ, அருளுணர்வோ?

தாம்பரத்துக்கு வடக்கே, பல்லாவரத்துக்கு மேற்கே அமைந்த குன்றத்தூர், திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த தலம். அநபாயன் எனப்பட்ட இரண்டாங் குலோத்துங்க சோழனுக்கு (1133–1150) அமைச்சராய் விளங்கி, உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்ற அப்பெரியார், சோணாட்டுத் திருநாகேச்சரத்தில் ஈடுபட்டு, அப்பெயராலேயே தம்மூரிலும் ஒரு திருக்கோயில் எடுத்தனர். இத்துணைச் சிறப்புடையார், நூற்றொடக்கத்தே, கடல்நீர் முழுதுங் குடித்துவிட ஆசைகொண்ட நாயொன்றுக்குத் தம்மை ஒப்பிட்டுரைத்தார்.

‘இஃது அவையடக்க மரபு, கம்பரும் பாற்கடலை நக்கப் புகுந்த பூனையென்று தம்மைக் கூறினாரன்றோ?’ என்று சிலர் இதனை எளிதிற் கடந்துபோவர். மரபென்பது மெய்யே. ஆயினும் மரபுபற்றிச் சொல்லியனவெல்லாம் நெஞ்சிற் படாது சொல்லியன ஆகா. புலவன் தன்னைக் குறித்துச் சொல்லிய சொல்லின் உண்மையை அறியவேண்டின், அவ்வுணர்வை அவன் தன் நூலுள் எவ்விடத்து, எவர் நெஞ்சில் வைத்துக் காட்டினான் என்று நோக்குதல் வேண்டும்.

திருவதிகை நிகழ்ச்சியை நோக்குக. தருமசேனராய்ச் சமணரிடைத் தலைமை பெற்றிருந்த மருணீக்கியார், சூலைநோயால் நலிந்து, தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றை அணிந்து, திருக்கோயில் சென்று பதிகம் பாட நோய் நீங்கினர். ‘நாவுக்கரசு’ என்னும் பெயரை வழங்கி வானில் ஒரு வாக்கும் எழுந்தது. இத்தகைய பேறு கிடைத்தபோது மனிதர் மகிழ்வர், செருக்குறுவாரும் உண்டு. சேக்கிழாரோ, அந்நொடியில் அவ்வடிகள், நெடுநாள் தீவினை புரிந்த தாம் அடையத்தகுந்த திருவோ இஃது என வியந்ததாகவும், இராவணனுக்கு இறைவன் அருளிய திறத்தை எண்ணித் துதித்ததாகவும் பாடுகின்றார். தம் நிலைக்கு ஒப்பாக அடிகள் நினைந்தது அடியார் ஒருவரையன்று. கயிலையைப் பெயர்க்க முயன்றவனை.

ஈண்டு முறைவைப்பு நோக்கத்தக்கது. அருள் முன்னும் தகுதியின்மையுணர்வு பின்னும் நிற்கின்றன. முதற்பதிகத்திலேயே அடிகள் தம் கொடுமைகளைச் சொல்லினாரன்றோ எனின், அச்சூலையே தமக்கையார் வேண்டுகோளுக்கு இரங்கி இறைவன் ஆட்கொள்ளத் தந்ததென்பது புராணத்துட் கூறப்பட்டது. எனவே அங்கும் அருளே முந்தியது. இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது திருவருட்பயனில் உமாபதி சிவனார் தெருட்டிய உண்மை. ஆதலின் தன் மலத்தை ஓருயிர் காண்கின்றதெனின், அதனைக் காட்டும் ஒளி ஆண்டு முன்னரே வந்துளது என்பதே பொருள்.

திருநாளைப்போவார் வரலாற்றை இவற்றோடு சேர்த்து எண்ணுவாருளர். அது பொருந்தாது. தில்லையெல்லையில் அவரை நிறுத்தியது பிறப்புப்பற்றி உலகம் இட்ட வேலி. மலம் எல்லா உயிர்க்கும் பொது, மதிலுக்கு உள்ளே நின்றார்க்கும் உண்டு. திருப்புன்கூரில் இறைவன் விலகச் செய்தது இடபத்தை, அடியாரையன்று. தில்லையில் எரிபுகுந்து வேற்றுருவோடு எழுந்ததாகச் சேக்கிழார் பாடியது அவர் காலத்து வழக்கைத் தழுவியதென்றே கொள்ளல் தகும். சென்னை மாகாணத்தில் அவ்வேலியைச் சட்டத்தால் அகற்றுதற்கு 1947 வரையிற் செல்லவேண்டியிருந்தது. பிறர் ஏற்றிய இழிவைப் பத்தியின் அடையாளமாகப் புகழ்தல் சைவமன்று.

இனி, சேக்கிழாரது நாயுவமைக்கு மிக அணுகியது சுந்தரர் செய்தி. நாவரசர் கையாற் றொண்டுசெய்த திருவதிகையைக் காலால் மிதிக்க அஞ்சி, நம்பிகள் ஊர்க்குப் புறத்தே சித்தவடமடத்தில் இரவு தங்கினர். முதியவரொருவர் வந்து, துயிலுங்கால் தம் அடிகளை நம்பிகள் சென்னிமேல் வைத்தனர். நம்பிகள் வேறுபுறம் தலைவைத்துப் படுப்பினும் அதுவே நிகழ்ந்தது. ‘நீ யார்?’ என வினவியபோது, ‘என்னை அறிந்திலையோ?’ என்று மறைந்தனர் முதியவர். ஊரை மிதிக்க அஞ்சியவர், ஊர்க்கு உடையானை அறிந்திலர்! இதனைச் சேக்கிழார் மறைத்திலர், பழித்துமிலர்.

நம்பிகளை ஊர்ப்புறத்தே நிறுத்தியது இறைவன் பெருமையன்று, அடியார் ஒருவரின் பெருமை என்பதைக் கருதுக. சேக்கிழார் தம் நாயுவமையிற் கடலாக வைத்ததும் தொண்டர்தம் பெருமையையே. கம்பர் உவமையோடு இதனை ஒன்றாக வைத்தெண்ணுவார், இவ்வேறுபாட்டைக் கண்டிலர்.