43 அங்குலத்தின் நியாயம்

2006 செப்டம்பரில் அரசு கொடுக்கத் தொடங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. அதைத் தர அளவுகோலாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் அந்தக் குழாய்த் திரையிடம் நான்கு குணங்கள் இருந்தன. எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. இருட்டு இருட்டாகவே இருக்கும். ஓடும் உருவம் இழுபடாது. பெட்டியின் வயிறு பெரிது என்பதால் குரலுக்குக் கொஞ்சம் கனம் உண்டு. எல்சிடி வந்தபோது கூர்மையும் பரப்பும் கிடைத்தன. இந்த நான்கும் தேய்ந்தன. உயர்விலைப் பெட்டிகள் அவற்றைப் பணத்தால் மீட்டுக்கொண்டன. இருபதாயிரத்துக்கும் முப்பத்தைந்தாயிரத்துக்கும் இடையில் விற்கும் பெட்டிகள் எதை மீட்டிருக்கின்றன, எதை மீட்டதாக நடிக்கின்றன? மதிப்பீடு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடையில் ஓடும் காட்சிப்படம் இதற்கு உதவாது. நெல்லையின் வண்ணார்பேட்டையிலோ முருகன்குறிச்சியிலோ எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பவளப்பாறையும் பழக்கூடையும்தான் திரையில் மின்னுகின்றன. அவற்றில் தோற்கும் பெட்டி உலகத்தில் இல்லை. சோதிக்க வேறு பொருள் வேண்டும். செய்தி சானலின் அடியில் ஓடும் எழுத்து அசைவைச் சோதிக்கும். அரசு கேபிளின் சாதாரணத் தெளிவுச் சானல் ஒன்று, பெட்டியின் படப் பெருக்கத்தைச் சோதிக்கும். கறுப்பைச் சோதிக்க இந்த மண்ணிலேயே எடுத்த ‘பரியேறும் பெருமாள்’ படம் இருக்கிறது: வெயிலில் வெளுத்த பொட்டல், அதில் கருப்பி என்ற கறுப்பு நாய். வெளிச்சமும் இருளும் ஒரே சட்டகத்தில். நாயின் உடல் சாம்பலாக வெளிறினாலும் தவறு, வெறும் கறுப்புத் திட்டாக அடைந்துபோனாலும் தவறு.

முதலில் தெளிவுத்திறன். விளம்பரம் அதிகமாகப் பேசுவதும் வாசகர் குறைவாகக் கணக்கிடுவதும் இதைத்தான். 32 அங்குல ‘எச்டி ரெடி’ பெட்டியின் புள்ளிக்கட்டம் 1366×768. இந்த எண்ணுக்குப் பொருந்தும் ஒளிபரப்பு எதுவும் கிடையாது. 576 வரிச் சானலை அது நீட்ட வேண்டும், 1080 வரி எச்டி சானலைச் சுருக்க வேண்டும். எது வந்தாலும் திருத்தி எழுதியே காட்டும். 1920×1080 முழு எச்டியில் எச்டி சானல் புள்ளிக்குப் புள்ளி உட்காரும். 4கே அதன் சரியான இரட்டிப்பு என்பதால் பெருக்கலும் சுத்தமாக விழும். கட்டமைப்பின் ஒழுங்கை மட்டும் பார்த்தால் 32 அங்குலம்தான் இவற்றில் பலவீனமானது.

ஆனால் கண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. பாகையின் அறுபதில் ஒரு பங்கைவிட நுணுக்கமானதை இயல்பான கண் பிரித்தறியாது. 32 அங்குலத்தில் 768 வரி, 43 அங்குலத்தில் 1080 வரி, இரண்டிலும் புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். ஆறடிக்கு அப்பால் இரண்டுமே புள்ளியாகத் தெரியாது. அதே 43 அங்குலத்தில் 4கேயின் நுணுக்கத்தை முழுதும் அனுபவிக்க மூன்றடிக்குள் முகத்தைக் கொண்டுபோக வேண்டும். பத்தடி தள்ளி உட்காருபவருக்கு 4கே தருவது எண் மட்டுமே. பிறகு ஏன் அதை வாங்க வேண்டும் என்றால், காரணம் தெளிவில் இல்லை, சந்தையில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் தங்கள் நல்ல படச் செயலியை 4கே வரிசைக்கு ஒதுக்கிவிட்டு, முழு எச்டி வரிசைக்கு மிச்சத்தைக் கொடுக்கிறார்கள். சாதாரணச் சானலின் படம் செயலியின் திறமையில்தான் வாழ்கிறது. ஆகவே 4கே பெட்டி தன் புள்ளிகளுக்காக அல்ல, அவற்றோடு வரும் மூளைக்காகத் தேர்வு பெறுகிறது. கொஞ்சம் கோணலான நியாயம்தான், ஆனாலும் நியாயம்.

பேனல் பற்றிய கேள்வி இதைவிடக் கடுமையானது. விற்பனையாளர் வாய் திறக்காததும் இதைப் பற்றித்தான். எல்இடி என்று விற்பதெல்லாம் எல்சிடியே என்பது வாசகருக்குத் தெரியும். பின்விளக்கின் முன்னால் இருக்கும் பேனல் ஐபிஎஸ்ஸா, விஏயா என்பதே தீர்மானிக்கும். விஏ வகையின் ஒளி-இருள் விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்றையும் தாண்டும். இரவுக்காட்சியில் கருப்பி கருப்பியாகவே இருப்பாள். ஆனால் நேர் எதிரே இருப்பவருக்கு மட்டும். கொஞ்சம் விலகினால் முகங்கள் வெளுக்கும். ஐபிஎஸ் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நின்றுவிடும். விளக்கணைத்த அறையில் அதன் கறுப்பு சாம்பல்தான். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் கலையாது.

இரண்டில் எது என்பதை வீடு சொல்லும். நெல்லை டவுனின் ரதவீதிகளை ஒட்டிய தெருக்களிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் பட்டாசல் என்னும் கூடம் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். பெட்டி ஒரு சுவரில்; ஆச்சி எதிர்ச்சுவரில் சாய்ந்து, பிள்ளைகள் தரையில், வாசல் நிலைக்கு அருகே ஒருவர் நின்றபடி. சோபாவில் நேரெதிரே அமரும் இருவருக்காக வடிவமைத்த பேனல் இந்த இருக்கைக்கு ஒத்துவராது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி சிந்துபூந்துறைக்குள்ளும் மீனாட்சிபுரத்துக்குள்ளும் ஏறியபோது மேசை மேல் இருந்த பெட்டிகள் மூழ்கின. அப்படி இழந்தவர் அடுத்த பெட்டியைச் சுவரின் உச்சிக்கு ஏற்றத்தான் பார்ப்பார். தரையில் அமர்பவர் அண்ணாந்து பார்க்கும்போது கீழ்க்கோணமும் பக்கக்கோணமும் ஒன்றுசேர, விஏயின் குறை இரட்டிப்பாகும். பகலில் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைக்கும் வீட்டில் ஆழ்ந்த கறுப்பை வெளி வெளிச்சமே அழித்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எச்டிஆர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் நிட்ஸ் வெளிச்சத்தை நினைத்து வண்ணம் தீட்டிய படத்தை, முந்நூறு நிட்ஸை ஒட்டியே நிற்கும், பகுதி பகுதியாக விளக்கை மங்கவைக்கவும் தெரியாத பெட்டி ‘ஏற்றுக்கொள்கிறது’, காட்டுவதில்லை. இந்த விலையில் அது அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய முத்திரை. ஸ்மார்ட் வசதியும் அப்படியே: ஒன்றரை ஜிபி நினைவகம் கொண்ட பெட்டி நான்கு வருடத்தில் திணறும், பேனல் அதற்கு மேலும் உழைக்கும். எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்டிக்கைச் செருகித் தீர்த்துவிடலாம் என்பதால் இதைக் குறையாக எழுதலாமே தவிர, தோல்வியாக எழுத முடியாது.

ஒலி தோல்விதான். அநேகமாக எல்லாப் பெட்டியிலும் இருபது வாட், கீழ்நோக்கிய ஒலிபெருக்கி, மேலே சுழலும் மின்விசிறி. பாட்டு கேட்கும், வசனம் கேட்காது. குழாய்ப் பெட்டியின் நான்கு குணங்களில் இதை மட்டும் இந்த விலையில் யாருமே மீட்கவில்லை. மீட்க முயலவும் இல்லை.

நிறுவனங்களைத் தனித்தனியாக நிறுத்தினால்: எல்ஜி நெடுங்காலம் ஐபிஎஸ் பக்கம் நின்றது, கோணத்தில் வெற்றி, கறுப்பில் தோல்வி. சாம்சங் பெரும்பாலும் விஏ பக்கம். தீர்ப்பு அப்படியே தலைகீழ். சோனியின் படப் பெருக்கமும் அசைவுத் திருத்தமும் இவ்வகுப்பில் மேலானவை. விலைதான் பெரும்பாலும் வகுப்பைத் தாண்டி நிற்கிறது. 2018இல் ஷாவ்மி நுழைந்து விலையைக் கீழே தள்ளியது வாங்குபவருக்கு நன்மை. கூடவே, வசதிப்பட்டியலின் நீளத்தைத் தரம் என்று நம்பும் பழக்கத்தையும் அது வளர்த்தது. ஒரே மாடல் எண்ணில் வேறு வேறு பேனல் வருவதும் உண்டு என்பதால், பெயரைப் பார்த்து வாங்குவது முறையாகாது. கடையில் பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு குத்தவைத்து அண்ணாந்து பாருங்கள். முகம் வெளுத்தால் வேண்டாம்.

செலவுக் கணக்கு சிறியது. 80 வாட் இழுக்கும் 43 அங்குலப் பெட்டி நாளுக்கு ஐந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். 40 வாட் 32 அங்குலம் அதில் பாதி. இலவச மின்சார வரம்புக்குள் வாழும் வீட்டுக்கு மட்டும் இது பொருட்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றின் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. சின்னப் பெட்டிக்கு 2019 முதல் இருந்துவந்த வரிச்சலுகை அத்தோடு சமமானது.

தீர்ப்பு: பட்டாசலுக்கு 43 அங்குல 4கே, ஐபிஎஸ் பேனல், விளிம்பில் அல்லாமல் பேனலுக்கு நேர் பின்னால் விளக்கு, ஒலிக்கென மூவாயிரம் ரூபாய் தனியாக ஒதுக்கி ஒரு சவுண்ட்பார். விளக்கணைத்துத் தனியே படம் பார்ப்பவருக்கு மட்டும் விஏ. 32 அங்குலத்துக்கு வாதாட இருந்த கடைசிக் காரணம் வரி. எட்டடிக்குள் அடங்கும் அறைக்கு 32 அங்குலம் இன்னும் பொருந்தும். மற்ற வீடுகளுக்கு, 43 அங்குலத்தின் எண்பது சதவீதக் கூடுதல் பரப்பை விட்டுக்கொடுக்க இனி முகாந்திரம் இல்லை.