பெயரைக் கூப்பிடும் வாசல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் காலை எட்டு மணிக்கே ஓ.பி. சீட்டு வாங்கியவர்கள் அறை வாசலில் நெருக்கியடித்து நிற்பார்கள். உதவியாளர் சீட்டுக் கட்டைப் பிரித்துப் பெயர்களைக் கத்துவார். "செல்வி யாரும்மா? வீட்டுக்காரர் வரலையா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறியா?" என்ற விசாரணையும் அங்கேயே நடக்கும். எலும்பு முறிவுப் பிரிவில் இதனால் யாருக்கும் கேடில்லை. காசநோய்ப் பிரிவின் முன்போ, எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தின் முன்போ பெயர் ஒலித்தால், ஊர்க்காரர் ஒருவர் காதில் விழுந்தாலே கல்யாணப் பேச்சு நின்றுவிடும். மனநல மருத்துவமனை இருப்பதாலேயே சென்னையின் கீழ்ப்பாக்கம், இலங்கையின் அங்கொடை என்ற ஊர்ப் பெயர்களை வசைச்சொல்லாக்கிய சமூகங்கள் நம்முடையவை. வாசல் எது என்று தெரிந்தால் நோய் தெரிந்துவிடும்.

இலங்கையின் தனியார் வைத்தியசாலைகளில் நிலைமை இதைவிட நல்லது. வைத்தியரைச் 'சனல்' பண்ணியவருக்கு, அதாவது முன்பதிவு செய்தவருக்கு, ஓர் இலக்கம் கிடைக்கும். "பதினேழாம் நம்பர் வாங்கோ" என்றால் பதினேழு எழுந்து போகும். அங்கே பெயர் என்பது இனத்தையும் மதத்தையும் சேர்த்தே சொல்லிவிடும். போர்க்காலத்துக் கொழும்பில் நிறைந்த கூடத்தில் தமிழ்ப் பெயரொன்று உரக்க ஒலிப்பது சிறு விஷயமாக இருக்கவில்லை.

அரசாங்க கிளினிக்கில் கதை வேறு. பொலித்தீன் உறை போட்ட கிளினிக் கொப்பியை மேசையில் அடுக்கிவிட்டு வாங்கில் காத்திருக்க வேண்டும். மேலட்டையில் பெயரும் வயதும், உள்ளே நோயும் மருந்தும். பெயரைக் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் கொப்பி வரிசை வழியே கைமாறிப் போகும். இடையில் விரித்துப் பார்க்கிறவரைத் தடுக்க ஆளில்லை. இலக்கம் கூப்பிடும் இடத்திலும், சிங்களத்தில் மட்டும் கூப்பிட்டால் மலையகத்திலிருந்து விடியமுன் புறப்பட்டு வந்த தாய் தன் முறையைத் தவறவிடுவார். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது இந்தக் கூடங்களிலும் கேட்க வேண்டும்.

சட்டங்கள் இரு நாட்டிலும் உண்டு. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் தொற்று நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ எண்மத் தரவுக்கே உரியது. வாசலில் எழும் குரல் அதற்குள் வராது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. கொப்பி அடுக்கிய மேசைக்கு அந்தக் கரிசனை இன்னும் வந்து சேரவில்லை.

2022இல் இந்தியாவில் வந்த 'ஸ்கேன் அண்ட் ஷேர்' முறையில் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் படமெடுத்தால் டோக்கன் எண் வந்துவிடுகிறது. நல்ல தொடக்கம். ஆனால் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் முழுப் பெயரையும் பிரிவையும் போட்டால் கத்தியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

எண் மட்டும் போதுமா, ஆள் மாறிவிடாதா என்று தாதியர் கேட்பது நியாயமான கேள்வி. பெயரையும் பிறந்த தேதியையும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கேட்டுச் சரிபார்க்கலாம். காது கேளாத முதியவரிடம் யாராவது எழுந்து போய்த் தோளைத் தொட்டுச் சொல்லலாம். பெரிய செலவில்லை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களே, வைத்தியசாலைப் பணிப்பாளர்களே, வாசலில் எண்ணை மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். நோயைப் பற்றிய கேள்வி எதுவானாலும் உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.