மாணவர் கவிதையும் வகுப்பறை இதழும்: எர்ணாவூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

வகுப்பறை இதழ் என்பது ஒரு வகுப்பின் மாணவர்கள் தாமே எழுதிய கவிதை, கதை, குறிப்பு, ஓவியம் முதலியவற்றைத் தொகுத்து, தமக்குள்ளும் பிறரோடும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஆகும். கையெழுத்துப் பத்திரிகை, சுவர்ப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர் என்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்குப் பல வடிவங்கள் உண்டு. பள்ளிக் கல்வித்துறை 2022இல் தொடங்கிய ஊஞ்சல் (4, 5ஆம் வகுப்புகள்), தேன்சிட்டு (6 முதல் 9ஆம் வகுப்பு வரை) ஆகிய இதழ்களும் இந்த வரிசையில் சேர்பவை. இவற்றில் வெளியாகும் கவிதைகளில் மாணவரின் சொந்தக் குரல் எவ்வளவு, ஆசிரியரின் குரல் எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வடசென்னையின் எர்ணாவூர் போன்ற ஓர் ஊரை முன்னால் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி கூர்மையாகிறது.

இடம்

எர்ணாவூர் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில், கடலை ஒட்டி அமைந்துள்ளது. எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் இரவு பகலாகச் செல்கின்றன. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வீடிழந்த குடும்பங்களுக்கான குடியிருப்புகள் இங்கே கட்டப்பட்டன. அருகிலிருந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் இயங்கி 2017இல் மூடப்பட்டது. அதே ஆண்டு சனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. கடலில் கசிந்த எண்ணெயை எர்ணாவூர்க் கடற்கரையில் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2023 திசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசத்தலை ஆற்றிலும் கரையோர வீடுகளிலும் புகுந்தது.

கவிதைக்கும் இந்தக் கரை புதிதன்று. பட்டினத்தார் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் உள்ளது. வள்ளலார் ஒற்றியூர் இறைவனைப் பலவாறு பாடியவர். சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும் இவ்வூரில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் மனப்பாடப் பகுதியாகவும் கோயில் செய்தியாகவும் தெரியும். தாங்களும் அதே கரையில் இருந்துகொண்டு எழுதலாம் என்பதை அவர்களுக்குச் சொல்வோர் குறைவு.

தலைப்பு கொடுத்து எழுதவைத்தல்

பள்ளி ஆண்டு மலர்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் பொருளடக்கம் மனப்பாடம். தாய், தமிழ், மரம், மழை, ஆசிரியர், நட்பு, விடுதலை நாள். மாவட்டம் மாறினாலும் பட்டியல் மாறுவதில்லை. எர்ணாவூர் மாணவி எழுதும் மரக் கவிதையும் ஏற்காடு மாணவி எழுதும் மரக் கவிதையும் ஒன்றாகவே இருக்கும். மரமே அரிதான தெருவில் வளர்கிற பிள்ளைக்கு மரம் என்றால் என்ன தோன்றுகிறது என்பதுதான் சுவையான செய்தி. அந்தச் செய்தி கவிதையில் வராது. ஆசிரியர் எதிர்பார்ப்பது பசுமை, நிழல், கனி என்பதை ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளைகள் தெரிந்துகொண்டுவிடுகிறார்கள்.

பொதுத்தேர்வு இதை இன்னும் இறுக்குகிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் வினாத்தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்ற 5 மதிப்பெண் வினா உண்டு. ஒரு படத்தைக் கொடுத்து அதைப் பற்றிச் சொந்தமாக எழுதச் சொல்வது நல்ல எண்ணம்தான். பாடத்திட்டம் வகுத்தவர்கள் மாணவரின் கற்பனைக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். வழிகாட்டி நூல்களும் சிறப்பு வகுப்புகளும் சேர்ந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டன. எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி, காட்சியை வியந்து சில வரிகளில் ஒரு பொதுக் கவிதை தயாரிக்கப்பட்டுவிட்டது. அது வகுப்பு முழுவதற்கும் மனப்பாடம். படத்தில் உழவர் இருந்தாலும், ஒழுகும் குழாய் இருந்தாலும், புத்தகம் படிக்கும் சிறுமி இருந்தாலும் அதே வரிகள்தான். திருத்துபவரும் அதற்கு மதிப்பெண் தருகிறார். தராவிட்டால் பிள்ளை 5 மதிப்பெண்ணை இழக்கும். அந்தப் பாவத்தை யார் சுமப்பது என்ற தயக்கம் ஆசிரியருக்கு. ஆக, பாடத்திட்டத்தில் கவிதை எழுதுவதற்கென்று இருக்கும் ஓர் இடத்திலேயே கவிதை எழுத வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது.

2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவில் கவிதைக்கும் போட்டி உண்டு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகச் செல்லும் இந்த விழா, மேடையே கண்டிராத பிள்ளைகளை மேடையேற்றியது. அதைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் போட்டி என்றவுடன் தலைப்பும் நேர வரம்பும் நடுவரும் வந்துவிடுகின்றன. முதல் மூன்று பேரைத் தவிர மற்றவர்களின் தாள்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. வகுப்பறை இதழுக்கு வேண்டியது அந்த மற்றத் தாள்கள்தாம்.

சிவப்பு மை

தலைப்பைப் பிள்ளையே தேர்ந்துகொண்டாலும் அடுத்து மொழி வந்து நிற்கிறது. வடசென்னைப் பிள்ளையின் பேச்சில் 'கீது', 'இஸ்துகினு' போன்ற சொற்கள் இயல்பாக வரும். அலை படகை 'இஸ்துகினு போச்சு' என்று ஒரு மாணவன் எழுதினால், ஆசிரியர் அதை 'இழுத்துக்கொண்டு சென்றது' என்று திருத்துவார். இலக்கண நோக்கில் இத்திருத்தம் சரியே. ஆனால் முதல் வடிவத்தில் இருந்த வேகம் போய்விடுகிறது. அசை கூடி, அலையே மெதுவாக வந்து படகைத் தொடுவதுபோல் ஆகிவிடுகிறது. கட்டுரைத் தாளில் எழுத்து வழக்கு கட்டாயம் வேண்டும்; அதில் விட்டுக்கொடுத்தால் நாளை வேலைக்கு விண்ணப்பம் எழுதுகையில் அந்தப் பிள்ளைதான் துன்பப்படும். கவிதைத் தாளுக்கும் அதே அளவுகோலா என்பதுதான் வழக்கு.

பெரியவர்களின் இலக்கியத்தில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்' போன்ற நாவல்களில் இந்தப் பகுதியின் பேச்சு அச்சேறி, விமர்சகர்களால் பாராட்டப்படுகிறது. கானா திரைப்படத்துக்குப் போய், 2018 சனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் மேடைக்கும் வந்துவிட்டது. நாவலாசிரியர் எழுதினால் வட்டார வழக்கு, எட்டாம் வகுப்பு மாணவன் எழுதினால் பிழை என்பது ஒரே ஊரில் இரு நீதி.

கானாவைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். இறப்பு வீட்டில் இரவு முழுதும் கானா கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எதுகையும் இயைபும் காதிலேயே இருக்கின்றன. யாப்புப் பாடம் நடத்தும் ஆசிரியர் கரும்பலகையில் அடி எதுகைக்கு எடுத்துக்காட்டுத் தேடுகையில், கடைசி இருக்கையில் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பவனிடம் அது கைவசம் இருக்கும். அவனை எழுந்து நிற்க வைப்பதே வழக்கம். அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக், நியூயார்க்கின் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளைக் கவிதை எழுத வைத்த அனுபவத்தை 1970இல் நூலாக்கினார். ஓசை ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயம் பிள்ளையின் கற்பனையைத் தடுக்கும் என்பது அவர் கருத்து. ஆங்கிலத்துக்கு அது பொருந்தலாம். கானா ஒலிக்கும் தெருவில் அப்படியே ஏற்க முடியாது. இங்கே ஓசைதான் பிள்ளையை எழுத்துக்குள் அழைத்துவரும் கைப்பிடி.

சொல்வளத்திலும் இதே நிலைதான். பத்தாம் வகுப்புப் பாடநூலில் 'கேட்கிறதா என்குரல்!' என்ற உரைநடைப் பாடத்தில் காற்றே பேசுகிறது. கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்று பெயர்கள் வரும். நகரப் பிள்ளைகள் இதை ஒரு மதிப்பெண் வினாவுக்காக உருப்போடுகிறார்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு வாடையும் கொண்டலும் அப்பா கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் சொற்கள். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நூல் 'கோடை' என்கிறது. கடற்கரை 'கச்சான்' என்கிறது. கச்சான் என்ற சொல்லைக் கவிதையில் கண்டு சுழிக்கும் ஆசிரியர், நூலில் இல்லாத ஒரு தமிழ்ச் சொல்லைத் தம் கையாலேயே அடிக்கிறார்.

கம்பிப் பந்தல்

பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே பார்க்கும்படி வைத்த ஒரு முயற்சி தமிழ்நாட்டில் நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுதும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், தொடக்க வகுப்புகளின் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் கட்டப்பட்டது. பிள்ளை எழுதிய தாள், வரைந்த படம் எல்லாம் அதில் தொங்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் கரும்பலகை. திருவொற்றியூர் அப்போது தனி நகராட்சி. 2011இல்தான் மாநகராட்சியோடு இணைந்தது. எனவே இந்தப் பகுதிக்குப் பந்தல் இரண்டாம் கட்டத்தில்தான் வந்தது.

இம்முறையைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அட்டைகளையும் ஏணிப்படிகளையும் சுற்றியே நடந்தன. கம்பிப் பந்தலைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அச்சகம் வேண்டாம், பணம் வேண்டாம், தேர்வுக்குழு வேண்டாம். எழுதியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே முதல் வாசகர். வகுப்பறை இதழின் அடிப்படை அத்தனையும் ஒரு கம்பியில் இருந்தது. குறை அதன் பயன்பாட்டில் நேர்ந்தது. பார்வையிட வரும் அலுவலருக்காக அழகாக வரைந்த சில தாள்கள் மாதக்கணக்கில் அங்கேயே தொங்கிப் பழுத்துப்போன வகுப்புகள் உண்டு. பகிர்வுக்குக் கட்டிய பந்தல் அங்கே அலங்காரமாயிற்று.

பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தின் ஃபிரெனே 1924 வாக்கில் தம் கிராமப் பள்ளியில் ஒரு சிறிய அச்சு இயந்திரத்தை வைத்தார். பிள்ளைகள் தாம் விரும்பியதை எழுதினார்கள். எதை அச்சிடுவது என்று வகுப்பே வாக்களித்தது. மொழித் திருத்தத்தையும் வகுப்பு ஒன்றுகூடியே செய்தது; பிறகு அவர்களே எழுத்துக் கோத்தார்கள். வேறு ஊர்ப் பள்ளிகளோடு இதழ்களைப் பரிமாறிக்கொண்டார்கள். சிவப்பு மைக்கு இதைவிட நல்ல மாற்று இன்றுவரை சொல்லப்படவில்லை. 'இஸ்துகினு' இருக்கட்டுமா வேண்டாமா என்று முப்பது பிள்ளைகள் வாதாடினால், வட்டார வழக்கு, எழுத்து வழக்கு என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

தமிழிலும் முன்னோடி உண்டு. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' நாளிதழ் 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை மாணவர் எழுத்துக்கென்றே ஒதுக்கியது. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். போபாலின் ஏகலவ்யா நிறுவனம் 1985 முதல் நடத்தும் 'சக்மக்' என்ற இந்தி இதழும் பிள்ளைகளின் எழுத்துக்குத் தனிப்பக்கம் வைத்திருக்கிறது. தேன்சிட்டை இவற்றோடு வைத்துப் பார்க்கலாம். அது அரசுப் பள்ளிப் பிள்ளையின் பெயரை அச்சில் ஏற்றுகிறது என்பது பெரிய செய்தி. ஆயினும் மாநிலம் முழுவதற்குமான ஓர் இதழில் ஒரு பள்ளியின் முறை எப்போது வரும்? மாநில இதழ் வகுப்பு இதழின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. அதற்கு மேலே ஒரு படியாக இருக்கலாம்.

உண்மையை எழுதினால்

இலண்டனின் கப்பல்துறைப் பகுதியான ஸ்டெப்னியில், 1971இல் கிறிஸ் சியர்ல் என்ற இளம் ஆசிரியர் தம் மாணவர்களைத் தங்கள் தெருவைப் பற்றி எழுதச் சொன்னார். அந்தக் கவிதைகளை 'ஸ்டெப்னி வேர்ட்ஸ்' என்ற பெயரில் நூலாக்க விரும்பினார். கவிதைகளில் துயரம் மிகுதி என்று பள்ளி நிருவாகம் மறுத்தது. அவர் வெளியிட்டார், பணிநீக்கம் செய்யப்பட்டார். மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் நின்றார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டார்.

எர்ணாவூருக்கு இந்த நிகழ்ச்சி மிக அருகில் இருக்கிறது. இங்கே ஒரு மாணவி தன் வீட்டுக்குள் எண்ணெய் நீர் வந்த இரவை எழுதினால், ஆண்டு மலர்க் குழு அதைப் போடுமா? ஆலையைப் பற்றிய வரி வந்தால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? அவர் தயங்குவதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. மலருக்கு விளம்பரம் தருவோர் யார், பெற்றோர் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் 'சுற்றுச்சூழல் காப்போம்' என்ற தலைப்பில் அதே மாணவி எழுதும் பொதுவான கவிதை தடையின்றி அச்சாகும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாசு பற்றி எழுதலாம். எந்த மாசு என்று எழுதுவதில்தான் சிக்கல்.

சியர்லின் ஆதரவாளர்கள் அதிகம் பேசாத ஒரு பக்கமும் உண்டு. பிள்ளைகள் உண்மையை எழுதத் தொடங்கினால் தெருவோடு நிற்கமாட்டார்கள். அப்பாவின் குடி, அம்மாவின் கடன், அக்கா படிப்பை நிறுத்தியது எல்லாம் வரும். எழுதும் நேரத்தில் அது ஆறுதல். பெயர், வகுப்பு, பிரிவு, நிழற்படத்தோடு அச்சாகித் தெருவில் கைமாறும்போது அது வேறு. அம்மா படித்துவிட்டு அழலாம். பக்கத்து வீட்டார் சிரிக்கலாம். கவிதை சிறப்பாக இருக்கிறது என்பதற்காக ஆசிரியர் அதை வெளியிட்டால், புகழ் பள்ளிக்கு, விலை பிள்ளைக்கு.

இதற்கு வழி உண்டு. வகுப்புக்குள் மட்டும் வாசிக்கும் தாள், பள்ளிச் சுவரில் ஒட்டும் தாள், வெளியே போகும் இதழ் என்று மூன்று நிலைகளைப் பிரித்து, எந்தக் கவிதை எதுவரை போகலாம் என்பதை எழுதியவரே குறித்துக்கொடுக்கலாம். புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொன்னால் ஏழாம் வகுப்பில் அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. அச்சுக்குப் போகுமுன் திருத்திய படியை எழுதிய பிள்ளையிடம் காட்டி ஒப்புதல் பெறலாம். ஆண்டு மலர்ப் பணி பெரும்பாலும் தேர்வு நெருங்கும் மாதங்களில், ஒரே தமிழாசிரியரின் தலையில், பிற வேலைகளுக்கு நடுவே விழுகிறது. அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது பிள்ளையிடம் கேட்கும் இந்த வேலைதான்.